நூறு எது என்று முதலில் கேளுங்கள்: என்பிடி தேர்வின் வாக்கியக் கணக்குகள்

தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக் என்ற பள்ளி இறுதிப் பரீட்சை எழுதும் பிள்ளை கணக்குத் தாளுக்குக் கால்குலேட்டரோடு போகிறது. அதே பிள்ளை என்பிடி (நேஷனல் பெஞ்ச்மார்க் டெஸ்ட்ஸ்) எழுதப் போனால் கால்குலேட்டரை வெளியே விட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவு நடத்தும் இந்தச் சேர்க்கைத் தேர்வில் இரண்டு தாள்கள் உண்டு. ஏகியூஎல் என்பது மொழித்திறனும் எண்திறனும் சேர்ந்த தாள். மேட் என்பது கணிதத் தாள். ஒவ்வொன்றும் 3 மணி நேரம். எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். எந்தப் படிப்புக்கு எந்தத் தாள் வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகமும் துறையும் முடிவு செய்கின்றன.

டர்பன் வட்டாரத்தில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இந்தத் தேர்வைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருகிற குறை, “பிள்ளைக்கு வாய்பாடு தெரியவில்லை” என்பதுதான். வாய்பாடு தெரிந்தால் நல்லது, சந்தேகமில்லை. ஆனால் எண்திறன் கேள்விகளில் நேரம் கரைவது பெருக்கலில் அல்ல. கேள்வியில் வருகிற எண் எதனுடைய பங்கு, எது முழுமை என்று தீர்மானிக்காமலே கணக்கைத் தொடங்கிவிடுவதில்தான் கரைகிறது. தப்பான முழுமையை வைத்து எவ்வளவு வேகமாகப் பெருக்கினாலும் தப்பான விடைதான் வரும். அந்தத் தப்பான விடையும் விடைப்பட்டியலில் ஒன்றாக அச்சாகி இருக்கும்.

நம் கடை ரசீதையே எடுத்துக்கொள்ளலாம். வாட் வரி 15 சதவீதம். வரி சேர்த்து ஒரு பொருளின் விலை 460 ராண்ட். அதில் வரி எவ்வளவு? கை பழகிய பிள்ளை 460-இல் பத்து சதவீதம் 46, அதில் பாதி 23, கூட்டினால் 69 என்று சட்டென்று சொல்லும். கணக்கு சுத்தம், விடை தப்பு. ஏனென்றால் 15 சதவீதம் என்பது வரிக்கு முந்தைய விலையின் மேல் போட்டது. நூறாக இருப்பது அந்த விலை. கையில் இருக்கும் 460 என்பது 115 பங்கு. 460-ஐ 115-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 4 ராண்ட். வரி 15 பங்கு, அதாவது 60 ராண்ட். 15-க்கு 115 என்பதைச் சுருக்கினால் 3-க்கு 23 என்று ஆகும். ஆகவே வரி சேர்ந்த விலையை 23-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்கினாலும் போதும்.

இன்னும் நுட்பமான கேள்வி ஒன்று. 2018 ஏப்ரல் 1-ஆம் தேதி வாட் வரி 14 சதவீதத்திலிருந்து 15 ஆனது. (2025-இல் 15.5 ஆக்கும் திட்டம் வந்து, நடைமுறைக்கு வருவதற்கு முன்பே திரும்பப் பெறப்பட்டது.) இப்போது மூன்று விதமாகக் கேட்கலாம். வரி விகிதம் எத்தனை சதவீதப் புள்ளி ஏறியது? 1. கட்டும் வரித் தொகை எத்தனை சதவீதம் ஏறியது? 14-க்கு 1, அதாவது சுமார் 7.1. வாங்குபவர் கொடுக்கும் மொத்த விலை எத்தனை சதவீதம் ஏறியது? 114-க்கு 1, அதாவது சுமார் 0.88. ஒரே செய்திக்கு மூன்று விடைகள், மூன்றும் சரி, ஆனால் ஒவ்வொன்றுக்கும் முழுமை வேறு. எண்திறன் பகுதியின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கேள்வியின் கடைசி வரியை வாசிக்காமல் எண்களை மட்டும் பொறுக்கும் பிள்ளை இங்கே விழும்.

அதனால் வெற்றுத்தாளில் எண்களைக் கிறுக்குவதற்கு முன் மூன்று சிறு குறிப்புகளை எழுதிப் பழக வேண்டும். ஒன்று, கேட்டது என்ன, எந்த அலகில். இரண்டு, நூறு எது. மூன்று, எது மாறவில்லை. முழு வாக்கியங்கள் வேண்டாம். “வரி, ராண்ட்; நூறு = வரிக்கு முன்” என்பது போதும். இதற்குப் பத்து வினாடி ஆகும். வீட்டில் செய்யும்போது வீண் வேலையாகத் தெரியும். ஆனால் பாதிக் கணக்கு போட்டபின் அழித்துத் திரும்பத் தொடங்கினால் ஒன்றரை நிமிடம் போய்விடும்.

பின்னமாக மாற்றுங்கள்

கால்குலேட்டர் இல்லாத தேர்வில் தசமம் பகை, பின்னம் துணை. 640-இல் 37.5 சதவீதம் என்று கேட்டால் 0.375-ஆல் பெருக்க உட்காரக் கூடாது. அது எட்டில் மூன்று. 640-இல் எட்டில் ஒன்று 80, மூன்று மடங்கு 240. மனத்தில் இருக்க வேண்டிய பட்டியல் சிறியதுதான்: 12.5 என்பது எட்டில் ஒன்று, 62.5 எட்டில் ஐந்து, 87.5 எட்டில் ஏழு, பதினாறே முக்காலுக்குச் சற்றுக் குறைவாக வருவது ஆறில் ஒன்று, 33.3 மூன்றில் ஒன்று, 14.3-ஐ ஒட்டி வருவது ஏழில் ஒன்று, 8.3-ஐ ஒட்டி வருவது பன்னிரண்டில் ஒன்று. நம் பழைய கணக்கில் கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்கிக்கொண்டே போவார்கள்: 25, 12.5, 6.25. டர்பனில் பன்னி சாவை (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தருவது) கால், அரை, முழு என்று கேட்டு வாங்கும் பிள்ளைக்கு இது புதிதும் இல்லை.

இன்னொன்றும் உதவும். 75-இன் 32 சதவீதமும் 32-இன் 75 சதவீதமும் ஒன்றே. 32-இல் முக்கால் 24. எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

பின்னத்தில் யோசித்தால் தலைகீழ்க் கேள்விகளும் எளிதாகும். 20 சதவீதம் தள்ளுபடி போக ஒரு பொருள் 360 ராண்ட், முதல் விலை என்ன? 360-க்கு 20 சதவீதம் கூட்டி 432 என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை. தள்ளுபடி முதல் விலையின் மேல். 360 என்பது அதில் ஐந்தில் நான்கு. விட்டுப்போன பங்கு 360-இல் நான்கில் ஒன்று, 90. விடை 450. இதைப் பொதுவாகவே நினைவில் வைக்கலாம்: ஐந்தில் ஒன்று குறைந்ததைச் சரிக்கட்ட நான்கில் ஒன்று ஏற வேண்டும்; நான்கில் ஒன்று ஏறியதைச் சரிக்கட்ட ஐந்தில் ஒன்று குறைய வேண்டும். நம் நாட்டில் பெட்ரோல் விலை ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மாறுகிறது. விலை 25 சதவீதம் ஏறினால், செலவு ஏறாமல் இருக்க எத்தனை சதவீதம் குறைவாக நிரப்ப வேண்டும் என்று கேட்டால் விடை 20. 25 என்ற விடையும் பட்டியலில் காத்திருக்கும்.

அடுத்தடுத்து வரும் சதவீதங்களைக் கூட்டக் கூடாது. 20 ஏறி 20 இறங்கினால் பழைய இடத்துக்கு வராது. இரண்டாவது 20-க்கு நூறு மாறிவிட்டது. 1.2 × 0.8 = 0.96, நான்கு சதவீதம் நட்டம்.

வேகம், அல்லது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம்

டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் சுமார் 80 கிலோமீட்டர். போகும்போது மணிக்கு 80, திரும்பும்போது மணிக்கு 120. சராசரி வேகம் என்ன? 100 என்று சொல்லத் தோன்றும். போக ஒரு மணி நேரம், திரும்ப 40 நிமிடம், 160 கிலோமீட்டருக்கு 100 நிமிடம், மணிக்கு 96. மெதுவாகப் போன பகுதியில் அதிக நேரம் செலவானதால் சராசரி அந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது. தூரம் தெரியாவிட்டாலும் விடை இதுதான். ஆகவே தூரம் கொடுக்கப்படாத கேள்வியில் பயப்பட வேண்டாம். இரண்டு வேகங்களும் மீதியின்றி வகுக்கும் ஏதாவது ஒரு தூரத்தை, இங்கே 240-ஐ, நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

இதைவிட நல்ல வழி ஒன்றுண்டு. ஓட்டப்பந்தயக்காரர்கள் வேகத்தைச் சொல்வதில்லை, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று சொல்வார்கள். மணிக்கு 80 என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 45 வினாடி. மணிக்கு 120 என்றால் 30 வினாடி. போன தூரமும் வந்த தூரமும் சமம் என்பதால் இந்த இரண்டையும் நேரடியாகச் சராசரி எடுக்கலாம்: 37.5 வினாடி. 3600-ஐ 37.5-ஆல் வகுத்தால் 96. தூரம் சமமாக இருந்தால் கிலோமீட்டருக்கான நேரத்தைச் சராசரி எடுக்கலாம். நேரம் சமமாக இருந்தால் வேகத்தைச் சராசரி எடுக்கலாம். எது சமம் என்று பார்க்காமல் சராசரி எடுப்பதுதான் இந்த வகைக் கணக்கில் நடக்கும் முதல் பிழை.

1921-இல் தொடங்கிய காம்ரேட்ஸ் ஓட்டம் இந்த இரண்டு நகரங்களுக்கு இடையில்தான் நடக்கிறது. ஏறக்குறைய 90 கிலோமீட்டர், 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 12 மணி என்பது 720 நிமிடம், ஆகவே கிலோமீட்டருக்கு 8 நிமிடம். முதல் 60 கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடத்தில் ஓடியவர் மிச்சத்தை எவ்வளவு மெதுவாக ஓடலாம்? இதை வேகத்தில் போட்டால் பின்னங்கள் வந்து முட்டும். கிலோமீட்டருக்கான நேரத்தில் போட்டால் ஒரு கிலோமீட்டருக்கு அரை நிமிடம் மிச்சம், 60-க்கு 30 நிமிடம் மிச்சம். அதை மீதி 30 கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 1 நிமிடம் கூடுதல். விடை 9 நிமிடம். காகிதமே தேவைப்படவில்லை.

நேரக் கணக்கில் இன்னொரு குழி தசம மணி. 2.4 மணி என்பது 2 மணி 24 நிமிடம். 2 மணி 40 நிமிடம் என்று எழுதுகிறவர்கள் ஏராளம். பட்டியலில் 2 மணி 40 நிமிடமும் இருக்கும்.

வீட்டு மாடியோரம் நிற்கும் 5000 லிட்டர் ஜோஜோ தண்ணீர்த் தொட்டியை ஒரு குழாய் 6 மணியிலும் மற்றொன்று 4 மணியிலும் நிரப்பும் என்றால், இரண்டும் சேர்ந்து எத்தனை மணியில் நிரப்பும்? இங்கே 5000 எதற்கும் பயன்படாது. அதை 6-ஆல் வகுக்கத் தொடங்கினால் 833.33 என்று போய் மாட்டிக்கொள்வீர்கள். தொட்டியை 12 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், 6-க்கும் 4-க்கும் மீச்சிறு பொது மடங்கு. முதல் குழாய் மணிக்கு 2 பங்கு, அடுத்தது 3. சேர்ந்து 5. 12-ஐ 5-ஆல் வகுத்தால் 2.4 மணி. அடியில் 12 மணியில் காலியாக்கும் ஓட்டை இருந்தால் ஒரு பங்கு கழிந்து 4 மீதி, விடை 3 மணி. ஆட்களும் வேலையும் வரும் கேள்வியும் இதேதான். காவடி அன்னதானத்துக்கு 8 பேர் 6 மணி நேரத்தில் 240 கிலோ காய் நறுக்கினால், ஓர் ஆளின் ஒரு மணி வேலை 5 கிலோ. 5 பேர் 4 மணி நேரம் என்றால் 100 கிலோ. நேர்விகிதமா எதிர்விகிதமா என்று அம்புக்குறி போட்டுக் குழம்ப வேண்டாம். ஓர் ஆளின் ஒரு மணிக்கு இறங்கி, அங்கிருந்து ஏறினால் போதும்.

மாறாததைச் சமமாக்குங்கள்

விகிதக் கணக்கில் எக்ஸ் போட்டுச் சமன்பாடு எழுதுவது தப்பில்லை, ஆனால் மெதுவானது. ஒரு வகுப்பில் ஆண், பெண் விகிதம் 3:5. புதிதாக 8 ஆண் பிள்ளைகள் சேர்ந்தபின் 7:10. முதலில் மொத்தம் எத்தனை பேர்? பெண்கள் எண்ணிக்கை மாறவில்லை. ஆகவே அந்தப் பக்கத்தை இரண்டு விகிதத்திலும் சமமாக்குங்கள். 3:5 என்பது 6:10. ஆண் பக்கம் 6-லிருந்து 7 ஆனது, ஒரு பங்கு ஏற்றம். அந்த ஒரு பங்கு 8 பேர். முதலில் 16 பங்கு, 128 பேர். சரிபார்க்க: 48-உம் 80-உம், 8 சேர்ந்தால் 56-க்கு 80, அது 7:10. விட்டவர்களும் சேர்ந்தவர்களும் இரண்டு பக்கமும் இருந்தால் இந்த வழி உதவாது, அப்போது சமன்பாட்டுக்குப் போங்கள்.

சில விகிதக் கேள்விகளுக்குக் கணக்கே வேண்டாம். விகிதம் 5:4 என்றால் மொத்தம் 9-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். விடைகள் 210, 216, 220, 224 என்று இருந்தால் 216 தவிர மற்றவை தானாக விழுகின்றன.

சராசரியைச் சேர்ப்பதற்கும் ஒரு சுருக்கம். ஒரு பள்ளியில் 240 பேரில் 75 சதவீதம் தேர்ச்சி, இன்னொன்றில் 160 பேரில் 85 சதவீதம். இரண்டும் சேர்ந்து 80 அல்ல. கீழேயுள்ள 75-லிருந்து தொடங்குங்கள். இடைவெளி 10. இரண்டாவது பள்ளியின் பங்கு 400-இல் 160, அதாவது ஐந்தில் இரண்டு. 10-இல் ஐந்தில் இரண்டு 4. விடை 79. பெரிய குழுவின் பக்கம்தான் விடை சாய வேண்டும் என்பதால், விடைப்பட்டியலில் 80-க்கு மேலுள்ளவற்றைக் கணக்குப் போடும் முன்பே அடித்துவிடலாம்.

நாணயக் கேள்விகளில் எல்லாம் மலிவான வகை என்று தொடங்குங்கள். 2 ராண்டும் 5 ராண்டும் கலந்த 40 நாணயங்கள், மொத்தம் 134 ராண்ட். எல்லாமே 2 என்றால் 80. மிச்சம் 54. ஒரு 2-ஐ 5-ஆக மாற்றினால் 3 ஏறும். 54-ஐ 3-ஆல் வகுத்தால் 18 ஐந்து ராண்ட் நாணயங்கள்.

படிப்படியாக ஏறும் கட்டணம் பற்றிய கேள்விகள் மின்சாரம், தண்ணீர், வருமான வரி என எந்த வடிவத்திலும் வரலாம். முதல் 350 யூனிட்டுக்கு யூனிட் 2 ராண்ட், அதற்கு மேல் 3 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். 500 யூனிட்டுக்கு 700-உம், மீதி 150-க்கு 450-உம் சேர்த்து 1150 ராண்ட். முழுவதையும் 3-ஆல் பெருக்கி 1500 என்பதுதான் பொறி. வருமான வரியும் அப்படியே: முதல் படி 18 சதவீதம், அடுத்தது 26. அடுத்த படியில் கால் வைத்தவுடன் மொத்தச் சம்பளத்துக்கும் 26 ஆகிவிடும் என்று வளர்ந்தவர்களே நம்புகிறார்கள். கூடிய விகிதம் கோட்டைத் தாண்டிய பகுதிக்கு மட்டும்தான்.

விடைகளிலிருந்து பின்னோக்கி வருவது ஒரு நேர்மையான வழி. அதைக் குறுக்கு வழி என்று ஆசிரியர்கள் தடுக்க வேண்டியதில்லை. அம்மாவின் வயது மகளின் வயதைப் போல 4 மடங்கு, 10 வருஷம் கழித்து இரண்டரை மடங்கு. மகளுக்கு இப்போது என்ன வயது? விடைகள் 8, 10, 12, 14. நடுவிலுள்ள ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். 12 என்றால் 48. பிறகு 58-க்கு 22, இரண்டரையைவிட அதிகம். வயது கூடக் கூட மடங்கும் கூடும் என்பதால் 14-ஐப் பார்க்கவே வேண்டாம், கீழே இறங்குங்கள். 10 என்றால் 50-க்கு 20. முடிந்தது. கேட்டது மகளின் வயது என்பதையும், இப்போதைய வயதா பிறகானதா என்பதையும் மூன்று குறிப்புகளில் முதலாவது காப்பாற்றும்.

எழுத்து முறையால் வரும் குழப்பமும் உண்டு, இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்குக் குறிப்பாக. தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் தசமத்துக்குக் காற்புள்ளி போடுகிறார்கள், ஆயிரத்துக்கு இடைவெளி விடுகிறார்கள். இங்கே 1,250 என்று அச்சானால் அது ஒன்றேகாலாக இருக்கலாம். ஆயிரத்து இருநூற்று ஐம்பதை 1 250 என்று எழுதுவார்கள். கடைகளிலும் வங்கிகளிலும் புள்ளியும் வழக்கில் இருப்பதால் இரண்டுக்கும் கண் பழக வேண்டும். பெரிய எண்களில் மில்லியன், பில்லியன் வரும். 4.5 பில்லியன் ராண்டை 60 மில்லியன் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு எவ்வளவு? இரண்டையும் மில்லியனாக்குங்கள்: 4500-ஐ 60-ஆல் வகுத்தால் 75. கோடியில் யோசிக்கும் அப்பா அம்மா 450 கோடியை 6 கோடியால் வகுத்து அதே 75-ஐச் சரிபார்த்துக் கொடுக்கலாம்.

பயிற்சிக்கு, தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதங்களாவது வீட்டுப்பாடத்திலும் கால்குலேட்டரை ஒதுக்கி வைப்பது நல்லது. தப்பான கணக்குகளுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள், ஆனால் சரியான விடையை மட்டும் எழுதிவைத்தால் பயன் குறைவு. ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் காரணத்தை எழுத வேண்டும்: நூறு மாறிப்போனது, சமமில்லாததைச் சராசரி எடுத்தது, அலகு மாற்றாதது, கேட்டதைவிட்டு வேறொன்றைக் கண்டுபிடித்தது, வெறும் பெருக்கல் பிழை. வாரம் ஒருமுறை காரணங்களை எண்ணிப் பாருங்கள். பெருக்கல் பிழை அதிகமென்றால் அப்போது வாய்பாட்டுக்குப் போகலாம். மற்றவை அதிகமென்றால், அடுத்த வாரம் முழுக்கக் கணக்குகளைப் போட்டு முடிக்காமல், கேள்வியை வாசித்து அந்த மூன்று குறிப்புகளை மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் முப்பது, நாற்பது கேள்விகளை இப்படிப் பார்த்துவிடலாம்.